சுங்கக் கிடங்கின் மலிவுத் துப்பாக்கிகள்: நழுவவிட்டவர்களின் ஏக்கமும் எழும் கேள்விகளும்

புது தில்லி: நிலமும் தங்கமும் மலிவாகக் கிடைத்த காலத்தில் வாங்காமல் விட்டுவிட்டோமே என்று வருந்துவோர் எல்லா ஊர்களிலும் உண்டு. வட மாநிலங்களில் இந்த வருத்தப் பட்டியலில் இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. அது துப்பாக்கி.

வெளிநாட்டில் தயாரான ரிவால்வர்களும் பிஸ்டல்களும் அரசின் கிடங்கிலிருந்தே குறைந்த விலைக்கு வழங்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது வாங்கியவர்கள் இன்று அதிர்ஷ்டசாலிகளாகப் பேசப்படுகின்றனர். தகுதி இருந்தும் அசட்டையாக இருந்துவிட்டவர்கள் கைகளைப் பிசைகின்றனர். சாதாரண உரிமதாரர்களின் குறை வேறு. அந்த வாய்ப்பு தங்கள் பக்கம் வரவே இல்லையே என்பது அவர்களது ஆதங்கம்.

இந்த மூன்றாவது தரப்பினரின் ஆதங்கத்தில்தான் நாட்டு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அடங்கியிருக்கிறது. பொதுச் சொத்தாகிவிட்ட ஒரு பொருள், அதிலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு பொருள், யாருக்கு, எந்த விலைக்கு, எந்த விதியின்படி கைமாறியது என்பதே அது.

இறக்குமதிக்கு விழுந்த பூட்டு

சுதந்திரத்துக்குப் பின் கொண்டுவரப்பட்ட ஆயுதச் சட்டம் 1959-ல் நிறைவேறி, 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரிமம் பெற்ற எவரும் ரிவால்வர், ரைபிள் போன்றவற்றை வாங்கலாம். ஆனால், ராணுவம் பயன்படுத்தும் அளவிலான துப்பாக்கிகள் "தடை செய்யப்பட்ட ரகம்" எனப் பிரிக்கப்பட்டு, பொதுமக்களுக்கு எட்டாமல் வைக்கப்பட்டன.

1980-களின் நடுப்பகுதியில் மத்திய அரசு இன்னொரு கதவையும் மூடியது. தனிநபர்களுக்காக வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. துப்பாக்கி சுடும் போட்டிகளில் பெயர் பெற்ற வீரர்கள், வெளிநாட்டில் குடியிருந்து தாயகம் திரும்புவோர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு இருந்தது. பஞ்சாபிலும் காஷ்மீரிலும் அடுத்தடுத்துத் துப்பாக்கிச் சத்தம் ஒலித்த ஆண்டுகள் அவை என்பதால், இந்தக் கட்டுப்பாட்டுக்கு எதிர்ப்பு எதுவும் பெரிதாக எழவில்லை.

விளைவு, சந்தையில் தெரிந்தது. நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை கூடவில்லை. வாங்க விரும்புவோரின் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் கூடியது. 2016-ம் ஆண்டு இறுதியில் நாடு முழுவதும் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் நடப்பில் இருந்ததாக உள்துறை அமைச்சகத்தின் புள்ளிவிவரம் கூறியது. அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். ஜம்மு-காஷ்மீரில் 3.69 லட்சம். பஞ்சாபில் 3.59 லட்சம்.

உள்நாட்டில் துப்பாக்கிகள் கிடைக்காமல் இல்லை. கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வரும், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராகும் .315 ரைபிளும் உரிமதாரர்களிடையே நன்கு பழக்கமானவை. 2014-ல் பெண்களின் தற்காப்புக்கென அறிமுகமான, சுமார் அரை கிலோ எடை கொண்ட "நிர்பீக்" ரிவால்வரின் விலை அப்போது சுமார் 1.22 லட்சம் ரூபாயாக இருந்தது. ஆனாலும், பழைய பிரிட்டிஷ், ஜெர்மன் தயாரிப்புகளின் மீதான மோகம் குறையவில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகள், புதிய உள்நாட்டுத் துப்பாக்கியைவிடப் பல மடங்கு விலைக்குக் கைமாறின.

கிடங்கிலிருந்து வந்த சலுகை

இந்த நிலையில்தான் சுங்கத் துறையின் கிடங்கு முக்கியத்துவம் பெற்றது. விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் முறையான ஆவணம் இன்றிக் கொண்டுவரப்படும் துப்பாக்கிகள் பறிமுதல் செய்யப்பட்டு அரசுடைமையாகின்றன. அவற்றில் தடை செய்யப்படாத ரகத்தைச் சேர்ந்தவற்றை, எம்.பி.க்கள் உள்ளிட்ட முக்கியப் பிரமுகர்களுக்கு விலைக்கு ஒதுக்கும் நடைமுறை 1980-களின் பிற்பகுதியிலிருந்து பின்பற்றப்பட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட விவரங்கள் வெளியானபோதுதான் இதன் அளவு பலருக்கும் தெரியவந்தது. 1987 முதல் 2012 வரை 700-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இவ்வாறு வழங்கப்பட்டிருந்தன. 2001-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வாங்கியவர்களில் இந்நாள், முன்னாள் எம்.பி.க்கள் மட்டும் 80-க்கும் மேற்பட்டோர். குற்ற வழக்குகளை எதிர்கொண்டிருந்த சிலரும் அந்தப் பட்டியலில் இருந்தது அப்போது சர்ச்சையைக் கிளப்பியது.

வெளிச்சந்தையில் பல லட்சம் ரூபாய் பெறும் துப்பாக்கி, கிடங்கின் மதிப்பீட்டில் அதன் ஒரு சிறு பகுதிக்கே கிடைத்தது. சுங்கத் துறை பறிமுதல் செய்யும் மற்ற பொருள்கள் பொது ஏலத்துக்கு வருகின்றன. அங்கு போட்டியே விலையைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கிக்கு அப்படி ஏலம் இல்லை. ஒதுக்கீடு மட்டுமே இருந்தது. ஒதுக்கீடு இருக்கும் இடத்தில் பரிந்துரையும் வரிசையும் உருவாவது புதிதல்ல.

இந்த நடைமுறைக்கு ஆதரவான வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. துப்பாக்கியை, பறிமுதலான கைக்கடிகாரத்தைப் போல வந்தவர்களுக்கெல்லாம் ஏலம் விட முடியாது. உரிமம் பெற்றவருக்கே தர வேண்டும். மக்கள் பிரதிநிதிகளில் பலருக்கு உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதும் உண்மை. நல்ல நிலையில் உள்ள ஆயுதத்தை உருக்கி வீணாக்குவதைவிட, அடையாளம் தெரிந்த ஒருவரிடம் விற்றுக் கருவூலத்தில் பணம் சேர்ப்பது மேல் என்று அதிகாரிகள் கருதியிருக்கலாம்.

ஆனால், அச்சுறுத்தலே காரணம் என்றால், கிராமத்தில் நிலத் தகராறில் மிரட்டலுக்கு உள்ளாகும் விவசாயிக்கும், இரவில் பணத்துடன் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பும் வணிகருக்கும் அது உண்டு. அவர்களும் அதே சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்களே. அவர்களுக்குக் கடை விலை, பதவியில் இருப்போருக்குக் கிடங்கு விலை என்ற வேறுபாட்டுக்குச் சட்டத்தில் விளக்கம் தேடினால் கிடைக்காது.

அமெரிக்காவுக்குப் போன இஷாப்பூர் ரைபிள்

"உபரி" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் உள்ள பொருள் இந்தியாவில் இல்லை. அங்கு ராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகளைப் பொதுமக்கள் கடைகளில் வாங்கலாம். 1962 சீனப் போருக்குப் பின் இந்திய ராணுவத்துக்காக இஷாப்பூரில் தயாரிக்கப்பட்ட 7.62 மி.மீ. ரைபிள்கூடப் பின்னாளில் உபரியாக அந்நாட்டுச் சந்தைக்குச் சென்றது. அதை மலிவாக வாங்கியவர்களும், வாங்காமல் விட்டதற்காக வருந்துபவர்களும் அங்கு இருக்கின்றனர்.

அந்த ரைபிளைத் தயாரித்த நாட்டின் குடிமகனுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. ராணுவ ரகம் என்பதால் அது இங்கு தடைப் பட்டியலில் உள்ளது. பல பத்தாண்டுகள் காவலர்களின் தோளில் தொங்கிய .303 ரைபிளுக்கும் இதே விதிதான். 2020 குடியரசு தின அணிவகுப்புடன் உத்தரப் பிரதேசக் காவல் துறை அதற்கு விடை கொடுத்தபோது, அந்த ரைபிள்கள் எதுவும் கடைகளுக்கு வரவில்லை. ராணுவமும் காவல் துறையும் கழித்துவிட்ட ஆயுதங்கள் பொதுச் சந்தைக்கு வராத நாட்டில், சுங்கக் கிடங்கு ஒன்றே மலிவுக்கு வழியாக இருந்தது. அதனால்தான் அந்த வழியை யார் பயன்படுத்தினார்கள் என்பது இவ்வளவு பேசப்படுகிறது.

தோட்டா இல்லாத துப்பாக்கி

மலிவாகக் கிடைத்ததெல்லாம் லாபம் ஆகிவிடவும் இல்லை. தோட்டாக்களை நினைத்தபடி வாங்கிக் குவிக்க முடியாது. எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்படுகிறது. பிரிட்டிஷ் காலத்து வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றுக்குப் பொருந்தும் தோட்டாக்கள் உள்நாட்டில் தயாராவதில்லை. இறக்குமதி தாராளமாக இருந்த காலத்தில் சில பெட்டிகள் வாங்கி வைத்திருக்கலாமே என்று ஏங்கும் பழைய ஜமீன் குடும்பங்கள் உண்டு.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறத்தாழ முடிவுக்குக் கொண்டுவந்த பின், அந்தத் துப்பாக்கிகளுக்கு வேலையும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் உரிமத்தைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்திலோ, அங்கீகாரம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். மலிவாக வந்த துப்பாக்கி, உரிமையாளரை ஆயுள் முழுவதும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வைக்கிறது.

மூன்று இரண்டானது

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆயுதச் சட்டத் திருத்தம் இந்தக் கணக்கையே மாற்றியது. 1983-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். அதை ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பதே அரசு முதலில் கொண்டுவந்த மசோதா. துப்பாக்கி வைத்திருப்பதைக் குடும்ப மரபாகக் கருதும் பஞ்சாப், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. தாத்தாவின் துப்பாக்கியைப் பேரன் எப்படிக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பான் என்ற கேள்வியும் எழுந்தது.

இதையடுத்து வரம்பு இரண்டாகத் தளர்த்தப்பட்டது. மக்களவை டிசம்பர் 9-ம் தேதியும், மாநிலங்களவை மறுநாளும் ஒப்புதல் அளித்தன. பரம்பரையாக வரும் துப்பாக்கிகளும் இந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைத்தாக வேண்டும். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. திருமண ஊர்வலங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படும்படி வானை நோக்கிச் சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்றாவது துப்பாக்கியை வாங்கி அடுக்கியவர்கள், இதன்பின் எதை விடுவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. விற்றே ஆக வேண்டியவரிடம் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. வாங்காதவர்களின் வருத்தத்துக்கு அருகிலேயே, வாங்கியவர்களின் வருத்தமும் இடம்பிடித்தது.

கணக்கு வேண்டும்

துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல. அமெரிக்க அரசமைப்பில் உள்ளது போன்ற உரிமை இங்கு இல்லை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. உரிமை அல்ல என்றால், அது அரசு ஆராய்ந்து தரும் அனுமதி. அப்படித் தரும்போது விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விதி தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ஜம்மு-காஷ்மீர் எடுத்துக்காட்டு. 2012 முதல் 2016 வரை அங்கு வழங்கப்பட்ட சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் தொடர்பான முறைகேட்டுப் புகார்களை சிபிஐ விசாரித்தது. தகுதி பார்க்காமல் உரிமங்கள் வழங்கப்பட்டன என்பதே அங்கு எழுந்த குற்றச்சாட்டு. உரிமதாரர்களின் விவரங்களைத் தேசிய அளவில் தொகுத்து, ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்கும் ஏற்பாட்டின் அவசியத்தை இத்தகைய சம்பவங்கள் உணர்த்துகின்றன.

பறிமுதல் துப்பாக்கிகளுக்கும் அதே வெளிப்படைத்தன்மை தேவை. ஒன்று, தகுதியுள்ள உரிமதாரர்கள் அனைவருக்கும் பட்டியலை அறிவித்து, போட்டி விலைக்கு விற்கலாம். அல்லது, உருக்கு உலைக்கு அனுப்பிவிடலாம். பதவியைப் பார்த்து, சந்தைக்குப் பொருந்தாத விலைக்குக் கொடுப்பது இந்த இரண்டிலும் சேராது. தேர்தலில் வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் சொத்து விவரங்களில் ரிவால்வரும் ரைபிளும் இடம்பெறுவது வட மாநிலங்களில் சாதாரணம். அந்தத் துப்பாக்கி கடையில் வாங்கியதா, கிடங்கிலிருந்து ஒதுக்கப்பட்டதா என்பதையும் வாக்காளர் அறிய வழி செய்தால், பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

இதற்கிடையே, ஏக்கத்தின் காரணமும் மெல்லக் கரையத் தொடங்கியிருக்கிறது. பிரிட்டனின் பழம்பெரும் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் உள்ள சண்டீலாவில் 2020-ல் .32 ரிவால்வர் தயாரிப்பைத் தொடங்கியது. எந்தப் பெயருக்காகக் கிடங்கின் வாசலில் பரிந்துரைக் கடிதங்களுடன் காத்திருந்தார்களோ, அந்தப் பெயர் பொறித்த துப்பாக்கியை உரிமம் உள்ள எவரும் வரிசையாகப் பணம் கட்டி வாங்கும் நிலை வந்திருக்கிறது. பூட்டிய கதவு திறக்கத் தொடங்கிய பின், பழைய மலிவு விலையை நினைத்து வருந்துவோரின் எண்ணிக்கை குறையக்கூடும். கிடங்கிலிருந்து போன 700-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இன்று யார் கையில் இருக்கின்றன என்ற கணக்கை மட்டும் அரசு மூடி வைத்துவிடக் கூடாது.