எலுமிச்சம்பழம் தேய்ச்ச கதை

ப்ளேஸ்மென்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி எனக்குத் தாடையில் வரிசையா நாலு பரு. என்ன பண்ணேன் தெரியுமா? மெஸ்ஸில் இருந்து அரை மூடி எலுமிச்சம்பழம் வாங்கி நல்லா தேய்ச்சுட்டு, அப்படியே மத்தியான வெயிலில் கிரவுண்டுக்குப் போயிட்டேன். மறுநாள் எரிச்சல், சிவப்பு. அதுக்கப்புறம் பழுப்பா ஒரு திட்டு. பரு ஒரு வாரத்தில் போச்சு, திட்டு போக ரெண்டு மாசம் ஆச்சு. ரெஸ்யூமே போட்டோவில் இன்னும் இருக்கு.

இதுக்குக் காரணம் ரெண்டு. நம்ம தோலோட பிஹெச் சுமார் 5, எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. வித்தியாசம் வெறும் 3-ன்னு நினைக்காதீங்க, அது லாக் ஸ்கேல். அமிலத்தன்மை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ரெண்டாவது, எலுமிச்சையில், முக்கியமா தோலில், ஃபுரானோகூமரின்னு ஒரு பொருள் இருக்கு. அது பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதாக்கதிரும் பட்டா தோல் வெந்த மாதிரி ஆகி, அப்புறம் கறுத்துடும்.

அப்போ மூலிகை எல்லாமே டுபாக்கூரா? இல்லை. பரு எங்கே உருவாகுதுன்னு பார்த்தா விஷயம் புரியும். மயிர்க்காலோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. இந்த வயசில் ஹார்மோனால் அது அதிகமா சுரக்குது. இறந்த செல்கள் துளையை அடைக்குது, உள்ளே க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுது, வீக்கம் வருது. அதாவது பிரச்சினை எண்ணெய்க்குள்ளே, அடைப்புக்கு அடியில். தண்ணியில் குழைச்சு மேலே பூசுற பத்து அங்கே போய்ச் சேரணுமே!

வேப்பிலையை எடுத்துக்கோங்க. லேப் தட்டில் அது பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துது, உண்மை. ஆனா தட்டு வேற, முகம் வேற. மஞ்சளில் இருக்கிற குர்குமின் தண்ணியில் கரையவே கரையாது. முகம் மஞ்சளா ஆகும், அவ்வளவுதான். (எங்க ஆச்சி இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்தில் எழுதுறேன்.)

மனுஷங்க மேலேயே ஒழுங்கா சோதிச்சுப் பார்த்ததில் முக்கியமானது டீ ட்ரீ எண்ணெய். நம்ம டீத்தூளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இது ஆஸ்திரேலிய மரம். 1990-ல் அங்கே 124 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு 5% டீ ட்ரீ, இன்னொரு பாதிக்கு டாக்டர்கள் தர்ற பென்சாயில் பெராக்சைடு, அதுவும் 5%. ரெண்டிலுமே பரு குறைஞ்சது. டீ ட்ரீ மெதுவா வேலை செஞ்சது, ஆனா எரிச்சலும் வறட்சியும் கம்மி. இதில் கவனிக்க வேண்டியது அந்த 5%. கடையில் கிடைக்கிற குட்டி பாட்டிலில் பெரும்பாலும் 100% எண்ணெய்தான் இருக்கும். அதை அப்படியே வெச்சா புண்ணாகும். தேங்காய் எண்ணெயில் கலந்தா துளை இன்னும் அடைபடலாம். அதனால 5% ஜெல்லாவே வாங்கிடுங்க.

சோற்றுக்கற்றாழை பருவை விரட்டும்னு நம்பாதீங்க, எரிச்சலைத் தணிக்கும். மடலை வெட்டினதும் வடியுற மஞ்சள் பால் அரிக்கும், அது முழுக்க வடிஞ்ச பிறகு உள்ளே இருக்கிற சோறை மட்டும் எடுங்க.

எதைப் பூசினாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்க. மெடிக்கல் ஷாப்பில் 'முகம் பளிச்சுனு ஆகும்'னு நீட்டுற ஸ்டீராய்டு க்ரீம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவே பருவைக் கொண்டுவரும். ஆழமா, கட்டியா, வலியோட வர்ற பருன்னா நேரே தோல் டாக்டர்தான். தள்ளிப்போட்டா குழி விழுந்துடும், அதை எந்த இலையும் நிரப்பாது.

எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது 2.5% பென்சாயில் பெராக்சைடு, ராத்திரியில் மட்டும். வித்தியாசம் தெரியவே ஆறு வாரம் ஆச்சு. நீங்களும் போடுறதா இருந்தா ஒண்ணு: அது துணியை வெளுத்துடும். தலையணை மேலே பழைய வெள்ளைத் துண்டு ஒண்ணு விரிச்சுக்கோங்க, என் ரூம்மேட்டோட நீலத் துண்டை எடுத்து நான் வாங்கின திட்டு போதும்.