பசி மாதங்களைத் தாண்ட 600 டாக்கா பஸ் காசு!

நடவு முடிந்துவிட்டது. அறுவடைக்கு இரண்டு, மூன்று மாதங்கள் இருக்கின்றன. வயலில் கூலி வேலை இல்லை. வீட்டில் நெல்லும் இல்லை. வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பகுதியில் இந்தக் காலத்துக்குத் தனிப் பெயரே உண்டு... 'மோங்கா'. ஆமன் நெல் விளைவதற்கு முன், செப்டம்பர் முதல் நவம்பர் வரை, ஏழைக் குடும்பங்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் மாதங்கள் இவை.

இதே மாதங்களில் டாக்காவில் ரிக்‌ஷா மிதிக்கலாம். கட்டட வேலைக்கும் போகலாம். இருந்தும் பலர் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. ஏன்?

100 கிராமங்களில் சோதனை

பொருளாதாரப் பேராசிரியர் முஷ்ஃபிக் மொபாரக்கும் சக ஆய்வாளர்களும் 2008-ம் ஆண்டு குறிகிராம், லால்மோனிர்ஹாட் மாவட்டங்களில் 100 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியூர் வேலைக்குப் போவதாகச் சொன்னவர்களுக்கு, சில கிராமங்களில் 600 டாக்கா இலவசமாகக் கொடுத்தார்கள். சிலவற்றில் அதே தொகை வட்டியில்லாக் கடன். ஏறக்குறைய போக வர பஸ் கட்டணத்துக்கான காசு அது. வேறு சில கிராமங்களில் வேலை, கூலி பற்றிய விவரம் மட்டும் சொன்னார்கள். மீதிக் கிராமங்களில் எதுவும் செய்யவில்லை.

விவரம் மட்டும் சொன்ன ஊர்களில் மாற்றமே இல்லை. அங்கும், எதுவும் செய்யாத ஊர்களிலும் 100-க்கு 36 குடும்பங்களில் ஆள் வெளியே போனார்கள். காசு கிடைத்த ஊர்களில் 58 குடும்பங்கள். அப்படிக் காசு கிடைத்ததால் கிளம்பியவர்களின் வீட்டில் இருந்தவர்களுக்கு, தலைக்குத் தினமும் 550 முதல் 700 கலோரி வரை கூடுதல் உணவு கிடைத்தது.

பயம்தான் காரணம்

போன இடத்தில் வேலை கிடைக்காவிட்டால் பஸ் காசு நஷ்டம். வசதியுள்ளவருக்கு அது சின்ன இழப்பு. கைக்கும் வாய்க்குமாக இருக்கும் வீட்டில் அது பிள்ளைகளின் சோறு. அதனால்தான் தயங்கினார்கள். ஒருமுறை போய் வந்து வேலை பழகியவர்களில் பலர், அடுத்த ஆண்டு யாரும் காசு தராதபோதும் கிளம்பினார்கள்.

பெரிதாக்கியபோது சறுக்கல்

2017-ல் ஒரு தொண்டு நிறுவனம் இதைப் பல நூறு கிராமங்களுக்குக் கடன் திட்டமாகக் கொண்டுபோனது. வேலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. 2019-ல் திட்டம் நின்றது. கடன் கொடுக்கப் போன ஊழியர்கள், எப்படியும் கிளம்பக்கூடியவர்களையே அதிகம் தேர்ந்தெடுத்தது பின்னர் தெரியவந்தது. தயங்கி நின்ற வீடுகளுக்குக் காசு சரியாகப் போய்ச் சேரவில்லை.

தங்கும் இடமும் முக்கியம்

இன்னொரு உண்மையும் வெளிவந்தது. கூலி அதிகம் என்றாலும் நகர வாழ்க்கை பலருக்குக் கசக்கிறது. நெரிசலான அறை, கழிப்பறை இல்லாத இருப்பிடம், குடும்பத்தைப் பிரிந்த தவிப்பு... தங்குமிடத்தில் கழிப்பறை இருந்தால் போகத் தயார் என்று சொன்னவர்கள் அதிகம்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும் எந்தக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். 'கூலி எவ்வளவு?' என்று கேட்பதோடு, 'எங்கே தங்குவது, தண்ணீரும் கழிப்பறையும் உண்டா, வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வரக் காசு யார் தருவார்?' என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.