கால் பெருவிரல் புடைப்பு: ஆபரேஷனுக்குப் போகுமுன்



பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு புடைத்து நிற்பதைப் பலர் காலில் பார்க்கிறோம். டாக்டர்கள் இதை 'பனியன்' என்பார்கள். நாம் உடுத்தும் பனியன் அல்ல! "எலும்பு வளருதுங்க ஐயா" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. புது எலும்பு எதுவும் வளர்வதில்லை. இருக்கும் எலும்பு வரிசை தவறியிருக்கிறது, அவ்வளவுதான். குடும்பவாகாக வருவதுண்டு, பெண்களுக்கு அதிகம். முனை ஒடுங்கிய சப்பாத்து அதை மோசமாக்கும். திடீரென்று சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வலித்தால் அது கௌட் வாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. முதலில் விரல்கள் நெருக்காத அகலமான சப்பாத்தும் பூட்ஸும் போட்டுப் பாருங்கள். புடைப்பின்மேல் மெத்தென்ற பட்டை வைக்கலாம். அப்படியும் நிரையில் நடக்க முடியாத வலி இருந்தால்தான் ஆபரேஷன். அழகுக்காகச் செய்துகொள்ள வேண்டாம்.

ஆபரேஷனில் எலும்பை வெட்டி, நேராக்கி, பெரும்பாலும் சிறு ஆணியால் பிணைப்பார்கள். காலை மட்டும் மரக்கச் செய்தும் இதைச் செய்யலாம். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடலாம். சர்க்கரை வியாதி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புகைத்தால் எலும்பு கூடுவது தாமதமாகும்.

முதல் இரண்டு வாரம் காலைத் தலையணைமேல் உயர்த்தியே வையுங்கள். அவசியத்துக்கு மட்டும், கொடுத்த செருப்போடு, டாக்டர் சொன்னபடி நடக்கவும். கட்டு நனையக்கூடாது. பச்சிலை, எண்ணெய், மஞ்சள் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். குந்தி உட்காரும் கழிவறை சிரமம் தரும். நாற்காலி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சுமார் இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். எலும்பு கூட ஆறு வாரமாவது ஆகும். வீக்கம் பல மாதம் இருக்கலாம், பயம் வேண்டாம். ஆனால் காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கத்தோடு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி வயிற்றுப் பாடு. பால்வெட்டு, குலை வெட்டு போன்ற வேலைக்குத் திரும்ப எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தங்கத் தேவை என்று டாக்டர் சான்று தந்தும் தங்க முடியாமற் போனால், தங்கியதாகவே சட்டம் கணக்கிடும். தங்கத் தேவையில்லாத நோய்க்கு, வேலைக்காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்; இல்லாவிட்டால் வேலைக்கு வராதவராகக் கணக்கெழுத இடமாகும்.

60 நாள் முடிந்தும் கால் சரியாகாமல் போகலாம். ஆகவே தேதி குறிக்குமுன்பே சங்கக் கமிட்டியாரைப் பார்த்து, திரும்பி வரும்போது இலகு வேலை கிடைக்குமா என்று பேசி வையுங்கள். வீட்டில் தண்ணீர் தூக்க, சமைக்க யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். இவை ஒழுங்கானால் காலை நீட்டிப் படுக்க மனம் வரும். காலும் ஒழுங்காக ஆறும்.