மறைத்தலும் ஒளித்தலும்: அமெரிக்க மாநிலங்களின் கைத்துப்பாக்கிச் சட்டங்கள்

தமிழகத்திலிருந்து ரயிலேறித் தில்லிக்கோ மும்பைக்கோ வந்து குடியேறிய நம்மவர்க்கு, மாநில எல்லையைக் கடந்ததும் எவை எவை மாறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெயர்ப் பலகையின் எழுத்து மாறும். பள்ளியில் குழந்தை கற்கும் மொழி மாறும். மது விற்பனை பற்றிய விதியும் மாறும். ஆயினும் ஆயுதச் சட்டம் மாறுவதில்லை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மத்திய அரசுக்குரிய முதற் பட்டியலின் ஐந்தாம் இனமாக ஆயுதங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆதலின் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே நாடெங்கும் செல்லும். உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது கன்னியாகுமரியிலும் குற்றம், கௌஹாத்தியிலும் குற்றம். குடகு மக்களுக்கு உரிமம் வேண்டாம் என்று ஒரு விலக்கு உண்டு. அதுவும் மத்திய அரசு அளித்த விலக்கே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையை, 1791-இல் நிறைவேறிய இரண்டாவது திருத்தம் அவர்களுடைய அரசியலமைப்பில் சேர்த்தது. ஆனால் அந்த ஆயுதத்தை வீதியில் எவ்வாறு கொண்டு செல்வது, பிறர் கண்ணிற் படும்படியா, படாதபடியா என்னும் கேள்வியை ஐம்பது மாநிலங்களும் தத்தம் போக்கில் தீர்த்துக்கொண்டன. அங்கே உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளையும் உறவினரையும் காணச் செல்லும் நம்மவர் தொகை பெருகிவரும் இந்நாளில், இச்சட்டங்களின் போக்கைச் சிறிது அறிந்திருப்பது நலம்.

அச்சட்டங்களில் ஓயாது வரும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முற்படுவோனுக்கு ஒரு தயக்கம் நேரும். நம் மொழியில் அதற்கு இரு சொற்கள் உள்ளன. ஆடையால் உடலை மறைக்கிறோம், ஒளிப்பதில்லை. களவாடிய பொருளைத் திருடன் ஒளிக்கிறான். மறைத்தலில் அடக்கம் இருக்கலாம். ஒளித்தலில் கள்ளம் தொனிக்கும். கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடப்பவன் அதை மறைக்கிறானா, ஒளிக்கிறானா? இருநூறு ஆண்டு அமெரிக்கச் சட்ட வரலாற்றை இவ்வொரு கேள்வியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டசபைகள் அது ஒளித்தலே என்றன. 1813-இல் கென்டக்கியும் லூயிசியானாவும் ஆயுதத்தை ஒளித்துச் செல்வதைக் குற்றமாக்கின. கென்டக்கிச் சட்டம் நெடுவழிப் பயணம் போவோர்க்கு மட்டும் விலக்கு அளித்தது. கைத்தடிக்குள் வாளை ஒளித்து நடந்த ஒருவருக்கு அங்கே நூறு டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 1822-இல் அம்மாநில நீதிமன்றம், ஆயுதம் தாங்கும் உரிமையில் இன்ன முறை, அன்ன முறை என்ற பேதமில்லை என்று கூறிச் சட்டத்தையே செல்லாததாக்கியது. மாநிலம் விட்டுவிடவில்லை. 1850-இல் தன் அரசியலமைப்பையே திருத்தி, ஒளித்த ஆயுதத்தைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டசபைக்கு அளித்தது.

பிற மாநிலங்களின் நீதிபதிகள் வேறு வழியிற் சென்றார்கள். 1840-இல் அலபாமாவிலும், 1846-இல் ஜார்ஜியாவிலும், 1850-இல் லூயிசியானாவிலும் வந்த தீர்ப்புகள் ஏறத்தாழ ஒரே குரலில் பேசின. வெளிப்படையாக ஆயுதம் தாங்குவது உரிமை. ஒளித்துத் தாங்குவது உரிமையாகாது. எதிரியின் இடையில் ஆயுதம் தெரிந்தால் மனிதன் எச்சரிக்கையாயிருப்பான், சண்டை நேரினும் அது நேருக்கு நேராக இருக்கும். ஒளித்த ஆயுதமோ முதுகிற் குத்துவோனுக்கே உரியது என்பது அக்கால எண்ணம். வீரத்தைப் பற்றிய இவ்வெண்ணத்தில் ஓரளவு நாடகத் தன்மை உண்டு. எனினும் அது சட்டமாக நின்றது.

அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு டென்னஸியும் ஆர்க்கன்ஸாவும் சான்று. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1871-இல் டென்னஸியும், 1881-இல் ஆர்க்கன்ஸாவும் இயற்றிய சட்டங்களின்படி, தரைப்படை, கடற்படைகளில் வழங்கும் பெரிய ரகத் துப்பாக்கியை மட்டுமே வீதியில் கொண்டு செல்லலாம். அதையும் இடுப்பில் செருகலாகாது, உறையில் இடலாகாது. வெளிப்படையாகக் கையிற் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டும். காய்கறி வாங்கப் போகிறவன் ஒரு கையில் பையும் மறு கையில் துப்பாக்கியுமாக எவ்வளவு நாள் நடப்பான்? உரிமையை மறுக்காமலே அதைப் பயனற்றதாக்கும் உபாயம் இது. பெரிய ரகத் துப்பாக்கி விலை மிக்கது. மலிவான சிறு துப்பாக்கியே ஏழைகளிடம் இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நீக்ரோ மக்கள் மீதும், ஏழை வெள்ளையர் மீதும் இச்சட்டங்களின் சுமை விழுந்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் எழுதியிருப்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றியது. நகரங்கள் பெருகின, இடுப்பில் துப்பாக்கி தெரிய நடப்பவனைக் கண்டு கடைத்தெரு கலங்கியது. 1987-இல் புளோரிடா, தகுதியுள்ள எவருக்கும் மறைத்துச் செல்லும் உரிமம் வழங்கும் சட்டத்தை இயற்றியது. டெக்ஸாஸில் 1871 முதற்கொண்டு, பொதுவிடத்தில் கைத்துப்பாக்கியுடன் நடப்பதற்குப் பொதுவாகத் தடை இருந்தது. 1996-இன் முதல் நாள் தொடங்கி அங்கும் உரிமம் வழங்கலாயிற்று. ஆனால் மறைத்தே செல்லவேண்டும் என்ற நிபந்தனையுடன். முப்பாட்டன் காலத்தில் மறைத்தவன் குற்றவாளி. பேரன் காலத்தில் காட்டியவன் குற்றவாளி.

இங்கேதான் ‘எவ்வாறு’ என்னும் கேள்வி நுணுக்கமாகிறது. பலத்த காற்றில் சட்டை விலகித் துப்பாக்கியின் பிடி தெரிந்துவிட்டால் என்ன? உயரத் தட்டிலிருந்து பொருளை எடுக்கக் கை தூக்குகையில் மேற்சட்டை ஏறிவிட்டால் என்ன? இதற்காகவே புளோரிடா 2011-இல் சட்டத்தைத் திருத்தி, கோபமோ மிரட்டலோ இன்றிச் சிறிது நேரம் கண்ணிற் படுவது குற்றமன்று என்று எழுதவேண்டியதாயிற்று. டெக்ஸாஸும் 2013-இல் தன் சட்டத்தின் வாசகத்தைத் தளர்த்திற்று. இல்லினாய்ஸ் மாநிலம், 2013-இல் எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக இவ்வுரிமையை அளித்தபோது, ‘முழுவதும் அல்லது பெரும்பாலும்’ மறைந்திருந்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தது. சட்டத்தின் வாசகத்தில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை இடுவதற்கு எவ்வளவு வாதம் நடந்திருக்கும் என்று மொழிபெயர்ப்பாளன் ஒருவன் நன்கு ஊகிக்கலாம்.

பின்னர் டெக்ஸாஸ் மறுபடியும் திரும்பியது. 2016-இன் முதல் நாள்முதல் உரிமம் பெற்றவர், தோளிலோ இடுப்பு வாரிலோ பூட்டிய உறையில் இட்டுத் துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கலாம் என்றாயிற்று. 2021 செப்டம்பரிலிருந்து, விலக்கப்படாத 21 வயது நிரம்பியோர் பலருக்கு உரிமமே வேண்டுவதில்லை. கண்ணிற் படும்படி தாங்கினால் மட்டும் அது ஏதேனும் ஓர் உறையில் இருக்கவேண்டும். வெர்மான்ட் மாநிலமோ என்றைக்கும் உரிமம் கேட்டதே இல்லை. அலாஸ்கா 2003-இலும் அரிசோனா 2010-இலும் அவ்வழிப்பட்டன. 2024 முடிவில் இத்தகைய மாநிலங்கள் 29 ஆயின. வெளிப்படையாகத் தாங்குவதைத் தடுத்துவந்த புளோரிடாவின் சட்டத்தை, 2025 செப்டம்பரில் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று செல்லாதென்றது.

நியூயார்க் வேறோர் உலகம். 1911 முதல் அங்கே கைத்துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். தனிக் காரணம் காட்டினாலன்றி வீதியில் தாங்க அனுமதி கிட்டாது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணம் கேட்கும் வழக்கத்தை நீக்கியது. மாநிலம் உடனே புதுச் சட்டம் செய்து, 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் வேண்டும் என்றது. பிற மாநிலத்தார் உரிமம் அங்கே வெறுங் காகிதம்.

வெறுங் காகிதம் என்று எழுதுவது எளிது. 2013-இல் பென்சில்வேனியாவில் முறைப்படி உரிமம் பெற்ற இளம் தாய் ஒருவர், ஆற்றைக் கடந்து நியூ ஜெர்ஸிக்குள் காரோட்டிச் சென்றார். சாலை விதி மீறியதற்காகக் காவலர் நிறுத்தினார். தம்மிடம் துப்பாக்கியும் உரிமமும் உள்ளதை அவராகவே சொன்னார். அவ்வுரிமத்தை ஏற்காத நியூ ஜெர்ஸியில் அவர் சொன்னது குற்ற ஒப்புதலாகிவிட்டது. குறைந்தது மூன்று ஆண்டுச் சிறைவாசம் அவரை எதிர்நோக்கியது. பெரும் கிளர்ச்சிக்குப் பின்னரே அது தவிர்ந்தது. 2015-இல் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அடுத்ததை வாசிக்க மனம் கலங்கும். 2016 ஜூலையில் மினசோட்டாவில், பள்ளி உணவுக்கூட ஊழியர் ஒருவரின் காரைக் காவலர் நிறுத்தினார். அம்மாநிலச் சட்டப்படி, காவலர் கேட்டால் மட்டும் துப்பாக்கி இருப்பதைச் சொன்னால் போதும். உரிமம் பெற்றிருந்த அவ்வூழியர், கேட்கப்படாமலே மரியாதையாகச் சொன்னார். அவர் துப்பாக்கியை எடுக்கிறார் என அஞ்சிய காவலர் சுட்டுவிட்டார். காரில் அவருடைய துணைவியும் நான்கு வயதுச் சிறுமியும் இருந்தனர். மறுஆண்டு காவலர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். இறந்தவர் நீக்ரோ இனத்தவர் என்பதை நாடு மறக்கவில்லை. மிச்சிகனில் காவலர் நிறுத்தியவுடன் உரிமம் பெற்றவர் தாமே சொல்லியாகவேண்டும்; டெக்ஸாஸில் காவலர் அடையாளச் சீட்டைக் கேட்கும்போது உரிமத்தையும் சேர்த்துக் காட்டவேண்டும்; ஒஹையோவில் 2022 முதல் கேட்டாற்போதும். மறைந்திருக்கும் ஆயுதத்தைப் பற்றி எப்போது வாய் திறப்பது என்பதும் எல்லைக்கு எல்லை மாறுகிறது.

காருக்குள் வைப்பதிலும் இதே விசித்திரம். ஓட்டுநர் அருகே சில்லறைச் சாமான்கள் வைக்கும் முகப்புப் பெட்டி, பூட்டாவிடினும் பத்திரமான உறையே என்பது புளோரிடாவின் சட்டம். ஆனால் பல மாநிலங்களினூடே பயணம் செய்வோர்க்கு 1986-இன் மத்தியச் சட்டம் தரும் பாதுகாப்பை நாடினால், துப்பாக்கியில் குண்டு இருக்கக்கூடாது. அது கைக்கு எட்டாத டிக்கியில் இருக்கவேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். முகப்புப் பெட்டி அதற்கு உதவாது என்று அச்சட்டம் பெயர் சொல்லியே விலக்குகிறது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் கீழ்ச்சபையில் நிறைவேறியது; மேற்சபையில் நின்றுவிட்டது.

டெக்ஸாஸுக்குச் செல்லும் நம்மவர், கடை வாயிலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல உயர எழுத்துக்களால் ஆன பலகைகளைக் காணலாம். ஒன்று மறைத்த துப்பாக்கிக்குத் தடை. மற்றொன்று வெளிப்படையான துப்பாக்கிக்குத் தடை. இரண்டில் ஒன்று மட்டும் இருக்கும் இடங்களும் உண்டு. வெளிப்படையான துப்பாக்கியை மட்டும் தடுக்கும் கடையில் எவர் இடையிலும் ஒன்றும் தெரியாது; உள்ளே துப்பாக்கி இல்லை என்பது அதன் பொருளன்று.