உங்களுக்குத் தெரியுமா? கிரேக்கர்கள் தெய்வத்துக்குப் படைத்த பாட்டு

● பண்டைக் கிரேக்கத்தில் பலியும் படையலும் மட்டுமே வழிபாடு ஆகிவிடாது, பாட்டும் காணிக்கைதான். ஊர்மக்களே குழுவாகக் கூடி, ஆடிக்கொண்டே பாடித் தெய்வத்தை மகிழ்விப்பார்கள்.

● அப்போலோ தெய்வத்துக்கு உரிய பாட்டு 'பையான்'; மதுக்கடவுள் டயனைசஸுக்கு உரியது 'டிதிராம்ப்'. டெல்ஃபியின் அப்போலோ கோயிலில் குளிர்காலத்தின் மூன்று மாதங்கள் பையானை நிறுத்திவிட்டு டிதிராம்ப் பாடுவார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

● கொள்ளைநோய் நீங்கவும் பையான், போர்க்களம் புகவும் பையான். இலியட் காவியத்தின் தொடக்கத்திலேயே, அப்போலோவின் சினம் தணிய வீரர்கள் பகல் முழுவதும் பாடுகிறார்கள்.

● ஏதென்ஸின் டயனைசஸ் திருவிழாவில் 10 குலங்கள் டிதிராம்ப் பாடிப் போட்டியிடும். குலத்துக்கு 50 ஆண்கள், 50 சிறுவர்கள். ஆக, 1,000 பேர்! இரட்டைக் குழல் இசைக்க, வட்டமாக நின்று பாடுவார்கள். துன்பியல் நாடகம் டிதிராம்பிலிருந்தே பிறந்தது என்கிறார் அரிஸ்டாட்டில்.

● குழுவின் செலவைச் செல்வந்தர் ஒருவர் ஏற்க வேண்டும். வென்றால் பரிசு, வெண்கல முக்காலி. லைசிக்ரடீஸ் என்பவர் தம் சிறுவர் குழு வென்றதற்காக கி.மு. 335–334-இல் எழுப்பிய நினைவுச்சின்னம் ஏதென்ஸில் இன்றும் நிற்கிறது.

● டீலோஸ் தீவின் அப்போலோ விழாவுக்கு ஏதென்ஸ் பாடகர்களை அனுப்பும். தளபதி நிக்கியாஸ் பக்கத்துத் தீவிலிருந்து ஒரே இரவில் பாலம் அமைத்து, விடியலில் குழுவைப் பாடியபடியே அழைத்துச் சென்றார். டீலோஸுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பும்வரை ஏதென்ஸில் மரண தண்டனை கூடாது. கி.மு. 399-இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட சாக்ரடீஸ் ஏறத்தாழ ஒரு மாதம் கூடுதலாக வாழ்ந்தது இதனால்தான்.

● மருத்துவக் கடவுள் அஸ்கிலிப்பியஸைப் போற்றும் ஒரு பையான், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எரித்ரே நகரில் கல்லில் வெட்டப்பட்டது. 400 ஆண்டுகளுக்கும் பிறகு எகிப்தில் அதே பாட்டைக் கல்லில் பொறித்தார்கள்.

● டெல்ஃபியில் ஏதெனியர் கட்டிய கருவூலத்தின் சுவரில் இரண்டு அப்போலோ துதிகள் இசைக்குறிகளோடு பொறிக்கப்பட்டிருந்தன. 1893-இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். மறு ஆண்டே அவற்றில் ஒன்று, பிரெஞ்சு இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே சேர்த்த பக்க இசையோடு, ஒலிம்பிக்கை மீட்டெடுக்கப் பாரிசில் கூடிய மாநாட்டில் ஒலித்தது.

● அந்தக் கற்கள் டெல்ஃபி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிரேக்கம் சென்றால் அவற்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்!