மேசையின் வெறுமையான பக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் உணவருந்தும் காட்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். தந்தை, தாய், மகள், மருமகன் என அனைவரும் மேசையைச் சூழ்ந்திருப்பர். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கும். எந்த வீட்டிலும் இப்படி அமர்ந்து உண்பார் இல்லை. நம் இல்லங்கள் பலவற்றின் சுவரில் தொங்கும் இறுதி இராவுணவுப் படத்தை எண்ணிப் பாருங்கள். லியோனார்டோ டா வின்சியின் அவ்வோவியத்திலும் நமக்கு முதுகு காட்டி அமர்ந்தவர் ஒருவரும் இல்லை. வெறுமையாக விடப்பட்ட பக்கம் நமக்குரியது. அங்கே நம்மை அமர்த்தி வைப்பது காமிரா. எவரோடு சேர்ந்து சிரிக்கிறோம், எவரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் பெரும்பாலும் அந்த இருக்கையைப் பொறுத்ததே.

இவ்விருக்கைக்கு நிலையான வடிவம் தந்த தொடர், 1951 அக்டோபரில் தொடங்கி 1957 வரை நடைபெற்ற ‘ஐ லவ் லூசி’ ஆகும். அந்நாளில் நிகழ்ச்சிகள் பலவும் நியூயார்க் நகரிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. தொலைவிலுள்ள மாநிலத்தார் கண்டதோ, தொலைக்காட்சித் திரையையே பிலிமில் படம்பிடித்து அனுப்பிய மங்கலான நகலை. லூசில் பால், தேசி அர்னாஸ் தம்பதியர் ஹாலிவுட்டை விட்டுப் பெயர விரும்பவில்லை. செலவை ஏற்ற சிகரெட் நிறுவனமோ கிழக்கு மாநிலத்தாருக்கு மங்கிய படம் போவதை விரும்பவில்லை. ஆகவே திரைப்படம்போல் பிலிமிலேயே எடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் எதிரே மக்கள் அமர்ந்து சிரித்தால்தான் லூசிலின் நடிப்பு மலரும். ஒரே காமிராவை இடம் மாற்றி, ஒவ்வொரு முறையும் விளக்குகளையும் மாற்றிக்கொண்டிருந்தால் பார்வையாளர் சிரிப்பதற்குப் பதிலாக உறங்கிவிடுவர்!

இச்சிக்கலைத் தீர்க்க அழைக்கப்பட்டவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் மௌனப்படக் காலத்தில் ‘மெட்ரோபோலிஸ்’ போன்ற படங்களில் இருளையும் ஒளியையும் மோதவிட்டுப் புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர் அவர். 1931-இல் ‘டிராகுலா’ படத்தையும் ஒளிப்பதிவு செய்தார். நிழலின் வித்தகரான அவரே இங்கு நிழலை வெளியேற்றினார். விளக்குகளைத் தரையிலிருந்து அகற்றி மேலே உயர்த்திக் கட்டினார். அரங்கம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவான ஒளி பரவியது. அதன் பயனாக மூன்று காமிராக்கள் ஒரே வேளையில், ஒன்றின் வழியில் மற்றொன்று குறுக்கிடாமல் படம் பிடித்தன. ஒன்று முழு அறையையும் காட்டும். மற்றவை முகங்களை நெருங்கும்.

திரைக்கலையில் தேர்ந்தோர் இதனைத் தட்டையான ஒளி என்று பழிப்பதுண்டு. அப்பழிப்பை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. மிட்டாய்த் தொழிற்சாலைக் காட்சி 1952-இல் வெளிவந்தது. லூசியும் தோழி எத்தலும் நகரும் பட்டையின் பின்னால் நின்று சாக்லேட்டுகளைத் தாளில் சுற்றவேண்டும். பட்டை விரைகிறது, கைகள் தோற்கின்றன, வாயிலும் தொப்பியிலும் ஆடைக்குள்ளும் சாக்லேட்டுகள் மறைகின்றன. முகங்களை மட்டுமே தனித்தனியே காட்டியிருந்தால் இது சிரிப்பாகியிருக்குமா? இருவரும் பட்டையும் ஒரே சட்டத்துள் இருப்பதால்தான், வரப்போகும் ஆபத்தை அவர்களோடு நாமும் காண்கிறோம். அந்தத் தட்டையான ஒளி எவரையும் இருளில் தள்ளவில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: அந்த வீட்டில் உண்மையான இரவே வருவதில்லை.

அதே ஆண்டில் லூசில் தாய்மையுற்றார். கதையிலும் அதனைச் சேர்த்தனர். கர்ப்பத்தைக் குறிக்கும் நேரான சொல்லை நிறுவனத்தார் அனுமதிக்கவில்லை. கத்தோலிக்கக் குரு ஒருவர், புராட்டஸ்டண்டு போதகர் ஒருவர், யூத ராபி ஒருவர் என மூவர் வசனங்களைப் படித்துப் பார்த்தனர். சொல் மறைக்கப்பட்டது, ஆனால் கருவுற்ற தாயின் உருவம் காமிராவின் முன் மறைக்கப்படவில்லை. நம் கருத்தில் அவர்கள் மறைத்ததைக் காட்டிலும் காட்டியதே பெரிது. குழந்தை பிறக்கும் நிகழ்ச்சி 1953 சனவரி 19 அன்று ஒளிபரப்பாயிற்று.

1971 சனவரியில் நார்மன் லியர் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’யும் மக்கள் முன்னிலையில்தான் பதிவு செய்யப்பட்டது. ஆனால் பிலிமுக்குப் பதிலாக வீடியோ டேப். பளபளப்பான நிறங்களுக்குப் பதிலாக மங்கிய பழுப்பு வண்ணங்கள். பழைய குடும்பப் படம் போன்ற அவ்வீட்டின் நடுவே ஆர்ச்சி பங்கரின் நாற்காலி. (அந்நாற்காலி 1978-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு அளிக்கப்பட்டது.) ஆர்ச்சி பிற இனத்தாரை இகழ்ந்து பேசுவார், உடனே காமிரா கேட்பவரின் முகத்தை நெருங்கும். புண்பட்டவரின் முகத்தைக் கண்டபின் சிரிப்பு ஆர்ச்சியின் மீதே திரும்பும் என்பது எண்ணம். அவ்வாறு நிகழ்ந்ததா? 1974-இல் விட்மார், ரோக்கீச் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் கூறிற்று. இனவெறுப்பு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியையே தம் பக்கத்து மனிதராகக் கண்டனராம். காமிரா நம்மை அமர்த்தலாம். நாம் எதைக் காண்கிறோம் என்பதை அது முற்றிலும் தீர்மானிக்க இயலாது போலும்.

இனி, 1972 முதல் 1983 வரை நடைபெற்ற ‘மாஷ்’. கொரியப் போர்க்கள மருத்துவமனையைப் பற்றிய இத்தொடர் ஒரே காமிராவால், பார்வையாளரின்றிப் படமாக்கப்பட்டது. மேசையின் வெறுமையான பக்கம் இங்கே இல்லை. மருத்துவர்கள் நமக்கு முதுகு காட்டுவர், கூடாரத்துள் நிழல் விழும், காமிரா அவர்களிடையே நடந்து செல்லும். எதிரே ஒருவருமில்லாதபோதும் சிரிப்பொலி மட்டும் கேட்கும்! சார்லஸ் டக்ளஸ் என்பார் அமைத்த ‘சிரிப்புப் பெட்டி’ என்னும் இயந்திரத்தால் இத்தகைய ஒலி சேர்க்கப்படுவது அக்காலத்து வழக்கம். தயாரிப்பாளர்கள் அதை விரும்பவில்லை. தொலைக்காட்சி நிறுவனமோ விடவில்லை. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மட்டும் சிரிப்பொலி வேண்டாம்.

இங்கிலாந்தில் பி.பி.சி. இத்தொடரைப் பெரும்பாலும் சிரிப்பொலியின்றியே ஒளிபரப்பிற்று. படம் ஒன்றே, ஆனால் வேடிக்கையாகத் தோன்றிய அதே பேச்சு, ஒலி நீங்கியதும் களைத்துப்போன மருத்துவர் துயரை மறக்கப் பேசும் பேச்சாகிவிடுகிறது. 1976-இல் வந்த ஒரு நிகழ்ச்சியை, செய்தியாளர் எடுத்த பேட்டி போலக் கருப்பு வெள்ளையிலேயே அமைத்தனர்.

1978-இல் வந்த மற்றொன்று நம் நெஞ்சை விட்டு நீங்காதது. அதில் காமிராவே, தொண்டையில் காயமுற்றுப் பேச இயலாத ஓர் இளம் வீரனின் கண்களாக அமைந்தது. அவனைத் தூக்கிச் செல்கையில் வானமும் ஹெலிகாப்டரும் கூடாரத்தின் கூரையும் மாறி மாறித் தோன்றுகின்றன. மருத்துவர்களும் தாதியரும் குனிந்து பேசும்போது நம் கண்களையே நேராக நோக்குகின்றனர். சிரிக்கவைக்க ஒருவர் ஏதோ சொல்கிறார். படுத்திருக்கும் அவனுக்கோ மறுமொழி கூறக் குரல் இல்லை.