ஒரு விரையில் அடிபட்டால் மற்றொன்றுக்கு என்ன ஆகும்?

கிரிக்கெட் பந்து பட்டோ, மிதிவண்டிக் கம்பியில் இடித்தோ விரை வீங்கிய சிறுவனை அழைத்து வரும் பெற்றோர், தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "இன்னொன்று நன்றாகத்தானே இருக்கிறது?" பெரும்பாலும் ஆம். ஆரோக்கியமான ஒரு விரையே ஆண்மைச் சுரப்புக்கும் மகப்பேற்றுக்கும் பொதுவாகப் போதுமானது. ஆயினும் இரண்டும் முற்றிலும் தொடர்பற்றவை அல்ல.

விந்தணுக்கள் பருவ வயதில்தான் உருவாகத் தொடங்குகின்றன. அதற்கு வெகு முன்பே, தன்னுடையது எது, அந்நியமானது எது என்பதை உடலின் எதிர்ப்பாற்றல் கற்றுவிடுகிறது. ஆகவே, பின்னர் வந்த விந்தணு அதன் கண்ணுக்கு அந்நியமே. இரண்டும் சந்திக்காதபடி விரைக்குள் செர்டோலி செல்கள் நெருங்கிப் பிணைந்து தடுப்புச்சுவராக நிற்கின்றன. விரை கிழிந்தாலோ, முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்று திசு அழிந்தாலோ, அச்சுவர் உடையக்கூடும். அப்போது உருவாகும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தின் வழியே மறுபக்கத்தையும் எட்டலாம். கண்ணிலும் இதையொத்த நிலை உண்டு. லூயி பிரெயில் 3 வயதில் ஒரு கண்ணில் காயமுற்று, 5 வயதுக்குள் இரு கண்களையும் இழந்ததற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகிறது. விரையைப் பொறுத்தவரை, விலங்குகளில் காணப்பட்ட இவ்விளைவு மனிதரில் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. ஆகவே வீண் அச்சம் வேண்டாம்.

நடைமுறையில் கவலை தருவது வேறொன்று. சிலருக்குப் பிறவியிலேயே விரை பையினுள் சரியாகப் பொருந்தாமல், மணியின் நாக்கைப்போல் தொங்கும். அவ்வமைப்பு பெரும்பாலும் இருபுறமும் இருக்கும். முறுக்கத்தைச் சரிசெய்யும் மருத்துவர், வலியில்லாத பக்கத்தையும் தைத்து நிலைநிறுத்துவது இதனால்தான். "நல்ல பக்கத்தில் ஏன் கத்தி வைக்கிறீர்கள்?" என்று சினந்து கேட்கும் தந்தையர் உண்டு, எஞ்சிய ஒன்றைக் காப்பதே அதன் நோக்கம்.

முறுக்கத்துக்கு 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. அரக்கோணத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வேலூரும் அருகில் இல்லை. "காலை மின்தொடர்வண்டிக்குப் போகலாம்" என்று இரவைக் கழிப்பது அந்த 6 மணி நேரத்தை விழுங்கிவிடும். முதலில் உள்ளூர் மருத்துவமனைக்கே விரையுங்கள்.

பையன்கள் வெட்கத்தால் "வயிறு வலிக்கிறது" என்று மட்டுமே சொல்வார்கள், வாந்தியும் இருக்கலாம். அடிபட்ட வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், பந்து பட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள். அதனுள் முறுக்கமோ கிழிசலோ மறைந்திருக்கலாம். புறப்படும்போது உணவோ பானமோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படக்கூடும்.